அந்தக் குடை யாருடையது?

இது நடந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. எங்கள் வீடு ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கிறது. அங்கிருந்து என் மனைவியை ஆட்டோவில் அடையாறுக்குப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போய் வந்துகொண்டிருந்த சமயம் அது.

அவள் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பக்கவாதம் வந்தபின் வலது கை மெல்ல மெல்லத் தேறியது. பேச்சுதான் திரும்பவில்லை. நாம் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரியும், பதில் மட்டும் வராது. 'ம்', 'இல்ல' என்ற இரண்டு சொற்கள்தான் மிச்சம். ஒரே அதட்டலில் ஒரு வகுப்பையே அடக்கியவள், தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைக் காட்டினாள்.

பயிற்சி கொடுத்த பெண் சின்ன வயசுக்காரி, பொறுமைசாலி. "மேடம் ஸ்கூல்ல எதை ஆசையா சொல்லிக்கொடுப்பாங்க சார்? அதுலேர்ந்தே ஆரம்பிக்கலாம்" என்றாள்.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது என் மனைவியின் 'இரண்டு பத்தி' வகுப்புதான். ஒரே விஷயத்தைப் பற்றி ஒரு கதையிலிருந்து கொஞ்சம், ஒரு கட்டுரையிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பாள். இது கதை, அது கட்டுரை என்று பிள்ளைகள் எழுதிக் கொடுத்துவிட்டுத் தப்பிக்க முடியாது. இரண்டு கேள்வி கேட்பாள். எழுதினவர் எங்கே நின்று பார்க்கிறார்? எதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்? வீட்டில் நானும் தப்பித்ததில்லை. காலையில் பேப்பரை உரக்கப் படித்தால், "அது சரி, எதை விட்டுட்டான்?" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். கணக்கு வழக்கிலேயே காலத்தை ஓட்டியவன் நான். எனக்கும் இலக்கியத்துக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனாலும் அந்தக் கேள்வி மட்டும் காதிலேயே தங்கிவிட்டது.

"அதையே தினமும் பண்ணுங்க. ஆனா வார்த்தையை நீங்க எடுத்துக் குடுக்காதீங்க, காத்திருங்க" என்றாள் அந்தப் பெண். இப்படியாக, வயசான காலத்தில் நான் வாத்தியார் ஆனேன்.

வாரப் பத்திரிகை, பழைய பாடப் புத்தகம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் கத்தரித்து வைத்துக்கொண்டேன். ஒருநாள் வெள்ளத்தைப் பற்றி இரண்டு பத்தி கிடைத்தது. கட்டுரையில், வேளச்சேரிப் பக்கம் தண்ணீர் போக வழியில்லாமல் வீடுகளுக்குள் எப்படி வந்தது என்ற விவரம் இருந்தது. கதையில், ஒரு பெண் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு நனைந்த பாயைத் தூக்கிப் பரணில் போடுகிறாள். கட்டுரைக்காரர் உயரத்தில் நின்று ஊரைப் பார்க்கிறார், அவருக்குப் பாய் தெரியவில்லை. கதைக்காரர் அறைக்குள்ளேயே நிற்கிறார், அவருக்கு ஊர் தெரியவில்லை. இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு ஒரே பெருமை. அவளிடம் விளக்கிச் சொன்னேன். "ம்" என்றாள். வகுப்பில் இருந்திருந்தால் பாதி மதிப்பெண்ணாவது போட்டிருப்பாள் என்று தேற்றிக்கொண்டேன்.

போகிற வழியில் ஆட்டோவிலும் படிப்பேன். எப்போதும் ஒரே டிரைவர்தான். ஆற்றோரக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். அதைக் காலி செய்து ஊருக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். ஆனாலும் சவாரிக்கு இந்தப் பக்கம்தான் வருவார். ஏறி உட்கார்ந்ததும், "இன்னா சார், இன்னிக்கி இன்னா கதை?" என்று ஆரம்பித்துவிடுவார். கட்டுரை என்றால் அவருக்கு ஆகாது. "அதுல ஒரு ஃபைட்டும் இல்ல, ஒன்னியும் இல்ல சார்" என்பார்.

மாதங்கள் ஓடின. 'ம்'மும் 'இல்ல'வும் அப்படியே இருந்தன. ஒருநாள் பயிற்சிப் பெண்ணிடம் மனசு கேட்காமல் கேட்டுவிட்டேன். ஆரம்பத்தில் வருகிற வேகம் போகப் போகக் குறையும், ஆனாலும் நின்றுவிடாது, நம்பிக்கையை விடாதீர்கள் என்றாள். என் காதில் முதல் பாதிதான் விழுந்தது. இனி என் மனைவியின் குரலைக் கேட்கவே மாட்டேனோ என்று பயந்துபோனேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். ஊரார் எழுதினதைக் கேட்டு அவளுக்கு என்ன ஆகப் போகிறது? நம் வீட்டுச் சமாசாரத்தையே எழுதினால் என்ன? கல்யாணமான புதிதில், மயிலாப்பூர் குளத்துப் பக்கம் பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு பெருமழையில் மாட்டிக்கொண்டோம். அதை எழுதினேன். 'என் குடையை விரித்து அவள் தலைக்கு மேல் பிடித்தேன். நான் தொப்பலாக நனைந்தேன். அவள் மேல் ஒரு துளி படவில்லை' என்று முடித்திருந்தேன். உறவுக்காரர்களிடம் காலங்காலமாக நான் சொல்லி வருவதுதான் இது. சொல்லும்போதெல்லாம் அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விடுவாள்.

அதற்கு ஜோடியாக ஒரு கதைப் பத்தியும் கிடைத்தது. அதில் வருகிற கணவன் குடைக்குள் ஜம்மென்று நடந்து போகிறான், மனைவி பின்னால் நனைந்துகொண்டே வருகிறாள்.

மறுநாள் நல்ல மழை. அடையாறு பாலத்துக்கு முன்னால் வண்டிகள் நகரவே இல்லை. இரண்டையும் உரக்கப் படித்தேன். டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"சார், உன்னுது சூப்பர் சார்! ஹீரோ கணக்கா பண்ணிக்கீற. அந்தக் கதைல வர்றவன் இன்னா ஆளு சார், பொண்டாட்டிய நனைய வுட்டுட்டு அவன் மட்டும் கொட புடிச்சிக்கினு போறான்!"

நான் அடக்கமாகச் சிரித்துவைத்தேன். பக்கத்தில் இவள் தலையை வேகமாக ஆட்டினாள்.

"இல்ல."

அவள் விரல் நான் எழுதிய தாளின் மேல் இருந்தது. உதடு கோணியது, கழுத்து நரம்பு புடைத்தது. என்னவென்று நானே எடுத்துக் கொடுக்க வாய்வரை வந்துவிட்டது. காத்திருக்கச் சொல்லிப் பயிற்சிப் பெண் சொன்னது ஞாபகம் வந்து பல்லைக் கடித்துக்கொண்டேன். முன்னால் வண்டிகள் நகர்ந்துவிட்டன, பின்னால் ஒரே ஹார்ன். டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார்.

"கு... கொட."

நான் தாளை அவள் பக்கம் நகர்த்திப் பிடித்தேன்.

"கொட... என்னுது." பிறகு என் நெஞ்சில் விரலை வைத்து ஒரு குத்துக் குத்தினாள். "நீங்க... நனையல."

அவ்வளவுதான், அந்த நாள் அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டு வந்த குடை அது. எனக்கு ஜலதோஷம் என்று அதை என் கையில் கொடுத்துவிட்டு அவள்தான் நனைந்தாள். புதுப் புடவை, நீலச் சாயம் பாவாடையெல்லாம் இறங்கி அன்று ராத்திரி அதை அலசி மாளவில்லை. சொல்லிச் சொல்லி எனக்கே என் கட்டுக்கதை சத்தியமாகிவிட்டிருந்தது. கதையில் வந்த அந்த ஆள் நானேதான். எதை விட்டுவிட்டார் என்று கேட்டால், நான் அவளையே விட்டுவிட்டிருந்தேன்.

டிரைவர் என்னை முறைத்துப் பார்த்தார். "அப்போ நீ எய்தினதுதான் டூப்பா சார்?" என்றார். அவள் சிரித்தாள், சத்தமாக. நோய் வந்த பிறகு அந்தச் சிரிப்பை அன்றுதான் கேட்டேன்.

பயிற்சிப் பெண்ணிடம் சொன்னபோது அவள் கைதட்டிவிட்டாள். "சார், இனிமே நிறைய தப்பா எழுதுங்க" என்றாள். அதற்கு எனக்குத் தனியாகப் பயிற்சி எதுவும் தேவைப்படவில்லை. கல்யாணச் சாப்பாடு, முதல் வாடகை வீடு, மகள் பிறந்த அன்று நான் எங்கே இருந்தேன் என்று தினமும் ஏதாவது எழுதுவேன். இவள் திருத்துவாள். ஒரு சொல் இரண்டானது, இரண்டு சொல் சின்ன வாக்கியமானது. இன்னும் பழைய பேச்சு முழுசாக வரவில்லை, பாதியில் நின்று சொல்லைத் தேடுவாள். நான் காத்திருப்பேன்.

இதையும் எழுதி முடித்ததும் அவளிடம்தான் முதலில் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "ஆட்டோல... நீங்க அழுதீங்க. அதை... விட்டுட்டீங்க."

வாஸ்தவம்தான், விக்கி விக்கி அழுதேன். நான் விட்டதை எடுத்துச் சொல்ல அவள் பக்கத்தில் இருக்கிறாள் என்பதைவிட இந்த வயதில் எனக்கு வேறென்ன வேண்டும்?