விளக்குக்கு அடுத்து இறங்கியவர்

மேனேஜர் காதர் மைதீன் காலமான செய்தி எனக்கு என் வாடகை விளக்குக் கடையில் வந்தது. கல்யாண வீட்டுக்குப் போய்த் திரும்பிய பெட்ரோமாக்ஸ் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, மண்ணெண்ணெய்க் கையோடு உட்கார்ந்திருந்தேன். பேகம்பூரிலிருந்து அவர் மருமகன் சைக்கிளில் வந்தார். இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "மாமா மவுத்தாயிட்டாக. அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். ஒங்களுக்குத்தான் மொதல்ல சொல்லச் சொன்னாக வீட்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். பக்கத்து வெற்றிலைக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "யாருப்பா தவறுனது?" என்று கேட்டார்.

"மயக்க மேனேஜரு" என்றேன்.

இறந்தவரின் பெயர் என் வாயில் வரவில்லை. ஊர் வைத்த பட்டப்பெயர்தான் வந்தது. வெற்றிலைக் கடைக்காரரும், "அடப் பாவமே, மயக்க மேனேஜரா?" என்றார். திண்டுக்கல்லில் இதைப் படிக்கும் உங்களில் பலருக்கும் அந்தப் பெயர்தான் முதலில் நினைவுக்கு வரும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவர் இந்த ஊர்த் தோல் ஷாப்பில் தோல் பதனிட்ட தொழிலாளி ஒருவரின் மகன். படிப்பில் கெட்டிக்காரர் என்று ஊரில் நாலு பெரிய மனிதர்கள் கைதூக்கிவிட, வடக்கே போய்ச் சுரங்கப் படிப்பு படித்தார். பீகார்ப் பக்கம் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் சின்ன அதிகாரியாகச் சேர்ந்து, படிப்படியாக ஏறி, பல சுரங்கங்களுக்குப் பெரிய மேனேஜர் ஆனார். பங்களா, கார், தோட்டக்காரன் எல்லாம் இருந்தது. ஆனால் வருஷா வருஷம் கோடை லீவுக்கு இங்கேதான் வருவார். ரயில் வடமதுரை தாண்டியதும் பெட்டியின் வாசலில் வந்து நின்றுகொண்டு, நம் மலை கண்ணில் படுகிறவரை உள்ளே போக மாட்டாராம். "அங்க எனக்குச் சலாம் வைக்க ஆயிரம் பேரு இருக்கான் மாப்ள. 'ஏலே காதரு'ன்னு கூப்பிட இங்கதான் ஆளு இருக்கு" என்பார். உறவு ஒன்றும் கிடையாது. ஊர் வழக்கப்படி நான் அவருக்கு மாப்பிள்ளை, அவர் எனக்கு மாமா.

அவரைப் பெரிய சாந்த சொரூபி என்று நினைத்துவிட வேண்டாம். அதிகாரம் செய்தே பழகிய மனிதர். லீவில் வந்தால் குழாயடியில் போய் நின்றுகொண்டு, குடத்தோடு முண்டியடிக்கும் பெண்களைப் பார்த்து, "லைன்ல வாங்க, லைன்ல!" என்று கத்துவார். ஒரு தடவை ஒரு அம்மாள், "பாய், இது ஒங்க சொரங்கம் இல்ல, கொழாயடி. செத்த நேரம் அங்கிட்டுப் போயி நில்லுங்க" என்று குடத்தை ஓங்கிக்கொண்டு வந்துவிட்டார். அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஒரு கோடையில் செம்பட்டி ரோட்டை ஒட்டிய ஒரு ஊரில் அண்ணன் தம்பி இரண்டு பேர் கிணற்றில் இறந்துபோனார்கள். கரண்டு மோட்டார் வந்து, எல்லோரும் கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டிருந்த காலம் அது. முதல் நாள் பாறைக்கு வெடி வைத்திருக்கிறார்கள். மறுநாள் காலையில் கல்லை அள்ள அண்ணன் இறங்கி மயங்கி விழுந்தான். அவனைத் தூக்கத் தம்பி குதித்தான். துக்க வீட்டுக்கு விளக்குக் கொண்டுபோனபோது மாமாவும் என்னோடு வந்திருந்தார். கிணறு காவு கேட்டுவிட்டது என்று சொல்லி, ஊர்க்காரர்கள் அதற்கு ஆடு வெட்ட ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். இவருக்கு வந்ததே கோபம்! "காவாவது கத்திரிக்காயாவது! வெடிச்ச பொகை அடியில உக்காந்திருக்குய்யா. கெட்ட காத்து! விழுந்தவனத் தூக்கப் போறவன்தான் ரெண்டாவது பொணம்" என்று சாவு வீட்டிலேயே சத்தம் போட்டார்.

அதற்குப் பிறகு கல்கத்தாத் தலைமை ஆபீசில் அவருக்குப் பெரிய நாற்காலி ஒன்று காத்திருந்தது. வேண்டாம் என்று எழுதிப் போட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டார். "கல்கத்தா பங்களாவ விட்டுட்டுக் கெணறு கெணறா எட்டிப் பாக்க வந்திருக்காக" என்று அவர் மனைவி என்னிடம் தலையில் அடித்துக்கொண்டார். மாமா, "வாழ்நாள்ல பாதி, அடுத்த ஊருக்காரன் உசுரக் காப்பாத்தச் சம்பளம் வாங்கிட்டேன். எங்க ஊருக்காரன் உசுருக்கு நான் ஒண்ணும் செய்யலயே மாப்ள" என்றார்.

அவர் செய்யச் சொன்னது சின்னக் காரியம்தான். ஆள் இறங்குவதற்கு முன்னால் ஒரு அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டிக் கிணற்றின் அடிவரை இறக்க வேண்டும். அங்கே அது எரிந்துகொண்டே இருந்தால் ஆள் இறங்கலாம். அணைந்துவிட்டால் யாரும் இறங்கக்கூடாது. இறங்குகிறவன் தன் கையாலும் ஒரு தரம் விளக்கை இறக்கிப் பார்க்க வேண்டும். இடுப்பில் கயிறு கட்ட வேண்டும். கயிறு கட்டத் தோதாக வளையம் வைத்து நான்தான் விளக்குகளைச் செய்து கொடுத்தேன்.

காரியம் சின்னது, ஊர் லேசுப்பட்டதா? வீட்டில் விளக்கை 'அணை' என்று சொல்லவே நமக்கு நாக்குக் கூசும். 'குளிர வை' என்போம். புதுக் கிணற்றுக்குள் விளக்கை விட்டு, அது அணைகிறதா என்று பார்ப்பதாவது! தோட்டம் வைத்திருக்கும் சம்சாரி ஒருவர் என் கடைக்கே வந்து அவரிடம் கேட்டார்: "ஏங்க பாய், வெளக்க உள்ள விட்டு அமத்திக் காட்டுறீகளே, எங்க குடும்பம் வெளங்குமா?" மாமா கோபப்படவில்லை. "அய்யா, வெளக்கு அமந்தா அது கெட்ட சேதி இல்ல. ஒரு ஆளு பொழச்சான்னு சேதி" என்றார். அப்படியும் அவர்கள் முகம் தெளியாததால் கூடவே புறப்பட்டுப் போனார். "மொதல்ல வெளக்கு. வெளக்குக்கு அடுத்து நான். எனக்கு அடுத்து நீங்க" என்பதுதான் அவர் ஒப்பந்தம். தொப்பையும் நரைத்த தாடியுமாகப் பெரிய மேனேஜர் சம்சாரிகளின் கிணற்றில் முதல் ஆளாக இறங்குவார். மெல்ல மெல்ல ஜனங்கள் வந்து 'மேனேஜர் விளக்கு' என்று கேட்டு வாடகைக்கு எடுக்க ஆரம்பித்தார்கள். ஆனாலும் அவர் பக்கத்தில் நின்றால்தான் இறக்குவார்கள்.

இனிமேல் சொல்லப் போவது என் வீட்டுச் சமாசாரம்.

என் தங்கை வெள்ளையம்மாளைச் செம்பட்டிக்குப் பக்கத்தில் கொடுத்திருக்கிறோம். அவர்கள் தோட்டக் கிணற்றில் வெடி வைத்திருந்த மறுநாள் மாமா அங்கே போனார். அவர் வருவதற்கு முன்பே தங்கை விளக்கை இறக்கித் தூக்கியிருந்தாள்; அது கிணற்று மேட்டில் எரிந்துகொண்டிருந்ததாம். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கியவர் பாதியிலேயே துவண்டுபோனார். மேலே இருந்தவர்கள் அலறிப் புடைத்து இழுத்துப் போட்டார்கள். கண் விழித்ததும் அவர் சொன்னது இது: "தாயி எறக்குனப்ப வெளக்கு எரிஞ்சுச்சு. அதுக்கப்புறம் நான் என் கையால ஒரு தரம் எறக்கிப் பாத்திருக்கணும். சோம்பேறித்தனமா எறங்கிட்டேன். கெழட்டுப் புத்தி. என் தப்பு."

அவ்வளவுதான், ஊருக்கு அவல் கிடைத்துவிட்டது. ஊருக்கெல்லாம் விளக்குப் பிடித்தவர் தனக்குப் பிடிக்க மறந்துவிட்டார் என்று டீக்கடைக்கு டீக்கடை பேச்சு. 'மயக்க மேனேஜர்' என்ற பெயர் அந்த வாரமே பிறந்தது. வளையம் வைத்த விளக்குகள் என் கடையில் தூசி அடைந்து தொங்கின. அவர் கிணற்று மேடுகளுக்குப் போவதை நிறுத்தவில்லை. ஜனங்கள் மோர் கொடுத்து, விளக்கை இறக்காமலே மரியாதையாக அனுப்பிவைத்தார்கள். அடுத்த கோடையில் ஆயக்குடிப் பக்கம் ஒரு கிணறுவெட்டுக்காரன், விளக்கு இறக்காத கிணற்றில் செத்தான். அன்று மாமா என் கடைக்கு வந்து பெஞ்சியில் உட்கார்ந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன்; குடிக்கவில்லை. தொங்குகிற விளக்குகளையே பார்த்துவிட்டு எழுந்து போனார்.

பிற்காலத்தில் கடைக்கு வரும்போதெல்லாம் அவர் கேட்பது ஒரே கேள்விதான். "ஒன் தங்கச்சி நல்லா இருக்கா? கெணத்துல தண்ணி இருக்கா?" நானும் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைச் சொல்வேன். "கெடக்கு மாமா. நீங்க எறங்காம இருந்தாச் சரி." கடையில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். நான் பெரிய வேடிக்கைக்காரன் என்று எனக்கு ஒரு நினைப்பு.

துக்க வீட்டுக்கு வெள்ளையம்மாளும் அவள் வீட்டுக்காரரும் வந்திருந்தார்கள். அவளுக்கு அழுகை நிற்கவே இல்லை. நமக்கென்ன இவ்வளவு அழுகை என்றுகூட எனக்குத் தோன்றியது. கையைப் பிடித்துச் சந்துக்குள் என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

"அண்ணே, அன்னைக்கு வெளக்கு அமந்துபோச்சுண்ணே."

எனக்கு விளங்கவில்லை. "எந்த வெளக்கு?"

"நாந்தான் எறக்குனேன். அடியில போனதும் அமந்துபோச்சு. மேல தூக்குறேன், அத்தை மஞ்சளும் பூவும் எடுத்துக்கிட்டு கெணத்துக்குப் பூசை போட வாராக. எம் மூத்த புள்ள செத்ததுலருந்து என்னைய ராசியில்லாதவ ராசியில்லாதவன்னு கொன்னுக்கிட்டிருந்தாகள்ல? நான் எறக்குன வெளக்கு அமந்துச்சுன்னு தெரிஞ்சா வச்சிருப்பாகளா? காத்துல அமந்திருக்கும்னு என்னையவே ஏமாத்திக்கிட்டு, தீக்குச்சியக் கிழிச்சுப் பத்த வச்சுட்டேன். மேனேஜரு அய்யா வந்து, வெளக்கு எறக்குனியா தாயின்னு கேட்டாக. தலைய ஆட்டுனேன்."

மாமா கண் விழித்ததும் முதலில் விளக்கைத்தான் பார்த்தாராம். அப்புறம் அதன் அடியில் கிடந்த கரிந்த தீக்குச்சியை. அப்புறம் இவள் முகத்தை. அந்த மனிதருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் 'என் தப்பு' என்று ஊர் கேட்கச் சொல்லியிருக்கிறார். இவள் மோர் கொண்டுபோய்க் கொடுத்தபோது காலில் விழப் போனாளாம். "யாருகிட்டயும் வாயத் தொறக்காத தாயி. ஒன் மாமியா காதுக்குப் போச்சுன்னா நீ வாழ முடியாது. எனக்கென்ன, நாலு பேரு சிரிப்பாக. சிரிச்சுட்டுப் போகட்டும்" என்று சொல்லியிருக்கிறார்.

"அவுக கையால ஏன் எறக்கிப் பாக்கல?" என்று கேட்டேன்.

"அதையும் கேட்டேன்ணே. 'நான் பக்கத்துல இல்லாம ஊரு தானா எறக்குன மொத வெளக்கு, ஒன் வெளக்குதான். அத நான் சந்தேகப்பட்டா அப்புறம் எவன் எறக்குவான்?'னு சொன்னாக."

அவள் வீட்டுக்காரர் சற்றுத் தள்ளித் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மாமியார் காலமாகி வருஷமாகிறது. வண்டியில் வரும்போதே அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். "ஆயக்குடியில செத்தானே, அவனும் என்னாலதானேண்ணே?" என்று கேட்டாள். அண்ணன்காரன் நான், இல்லை என்று சொல்ல முடியவில்லை. அவளால் மட்டும் இல்லை என்றேன். டீக்கடைக்கு டீக்கடை சிரித்தவர்கள் எல்லோரும் அதில் சேர்த்திதான். அதற்கு முன்வரிசையில் நான். தங்கையின் வாழ்வைக் காப்பாற்றிக் கொடுத்தவரைத் தங்கையின் கிணற்றைச் சொல்லியே குத்திக்கொண்டிருந்தேன். எந்த ஜென்மத்தில் தீரும் இது? "எழுதுண்ணே. பத்திரிகைக்குக் கித்திரிகைக்கு எழுதுவேல்ல, எம் பேரைப் போட்டே எழுது" என்றாள். எழுதிவிட்டேன்.

கபர்ஸ்தானில் எல்லோரையும் போல நானும் மூன்று பிடி மண் போட்டேன். குழிக்குள் பார்க்க எனக்கு முகம் இல்லை. பக்கத்தில் நின்ற ஒருவர் தன் சிநேகிதரிடம் மெதுவாக, 'மயக்க மேனேஜரு நல்ல மனுசன்யா' என்றார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். அவர் காதைப் பிடித்துத் திருக வேண்டும் போல இருந்தது. என் காதை யார் திருகுவது?

இந்தக் கோடையில் வெள்ளையம்மாள் கிணற்றை இன்னும் ஆழப்படுத்தப் போகிறார்கள். விளக்கை அவளே இறக்கப் போகிறாள். அணைந்தால், சுற்றுக் காடு தோட்டத்து ஜனத்தையெல்லாம் கூப்பிட்டு, அமந்துபோச்சு என்று சத்தம் போட்டுச் சொல்லப் போகிறாளாம். கடையில் தொங்கிய விளக்குகளைத் துடைத்து, திரி மாற்றி வைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் வந்து எடுத்துப் போகலாம். மற்றபடி அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்தக் கேள்வி ஒன்றுதான். கடைப் பெஞ்சியைப் பார்க்கும்போதெல்லாம் அது கேட்கிறது. அவர் இருக்கும்போது ஒரு தடவைகூட நான் சொல்லாத பதிலை இப்போது வெறும் பெஞ்சியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அவ நல்லா இருக்கா மாமா. கெணத்துல தண்ணி இருக்கு.