நீச்சலுக்குக் காய்ச்சல்

"குறைமாசத்துல பொறந்தான், பொழைச்சான். மூணாவது மாடியில ஏணி சறுக்கிச்சு, குழாயைப் பிடிச்சுத் தொங்கியே உயிர் தப்பிச்சான். தொட்டி மூடிக்கு அடியில குளவிக்கூடு. மூஞ்சி பூசணிக்காயா வீங்கியும் வேலையை முடிச்சிட்டுத்தான் ஏறி வந்தான். 'தொட்டி கழுவுறவனுக்கா பொண்ணு குடுப்பேன்'னு அவன் மாமியார் குதிச்சாங்க. இப்ப அந்த அம்மாவே அவன் வீட்டுலதான் இருக்காங்க."

தையல் கடையில் சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டே அக்கா தம்பியின் வெற்றிகளை இப்படி அடுக்குவாள். அளவு கொடுக்க வந்தவர்கள் கையை விரித்தபடியே நின்று கேட்பார்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்லும்போது யாராவது குளவிக்கூட்டை முன்னால் வைத்தால் அவளுக்குப் பிடிக்காது. ஏணிக்கு அப்புறம்தான் குளவி.

தம்பிக்குத் தெருவில் 'நீச்சல்' என்று பெயர். நீச்சல் தெரியாது. கணுக்காலுக்கு மேல் தண்ணீர் இருந்தால் தொட்டிக்குள் இறங்க மாட்டான். தண்ணீர் வடிந்ததும் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நைலான் பிரஷ்ஷும் வாளியுமாக உள்ளே போவான். கொஞ்ச நேரத்தில் பாட்டு கேட்கும். பாடுவது ஒருவன், எதிரொலி நாலு பேர். கழுவி அலசி மறுபடி தண்ணீர் ஏறியதும், வீட்டுக்காரர் கண் முன்னால் முதல் டம்ளரை அவனே குடிப்பான். "நான் கழுவின தொட்டியில கொசு முட்டை வெச்சா, முட்டை வழுக்கி விழுந்துடும் சார்" என்பான். அந்த வாய்க்காகவே நாலு தெரு தள்ளியிருந்தும் ஆள் அனுப்பினார்கள்.

அப்படிப்பட்டவன் ஒரு மத்தியானம் பற்கள் தந்தியடிக்க வீட்டுக்கு வந்தான். இரண்டு போர்வை போதாமல் கோணிப்பையையும் மேலே போடச் சொன்னான். நடுக்கம் நின்று காய்ச்சல் கொதித்தது. பிறகு பாய் நனைய வேர்த்துக் கொட்டித் தூங்கிப் போனான். மறுநாள் எழுந்து, ஒன்றுமே நடக்காததுபோல வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

வினையே அங்கேதான். முந்தின ராத்திரி இஞ்சிச் சாறு கொடுத்த மாமியார், "வயித்துல வாயு. நான் சொன்னேனா இல்லையா?" என்று மார்தட்டிக்கொண்டார். அதற்கடுத்த நாள் மத்தியானம் காய்ச்சல் திரும்பி வந்தது. மாடி வெயில்தான் காரணம் என்று மனைவி உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தடவினாள். விடிந்ததும் உடம்பு ஜில்லென்று இருந்தது, விளக்கெண்ணெய் ஜெயித்தது. அடுத்த முறை அவனே, "இது தொட்டிக் குளிர்" என்று முடிவு கட்டி ஆவி பிடித்தான். மறுநாள் ஆவியும் ஜெயித்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் வந்த காய்ச்சல், வைத்தியம் பார்த்த எல்லாருக்கும் ஆளுக்கொரு வெற்றியைக் கொடுத்துவிட்டுப் போனது. இளைத்துக்கொண்டே வந்தவன் அவன் ஒருவன்தான்.

அக்காவுக்குத் தூக்கம் போயிற்று. அவள் வீட்டுக்கு எதிரில் இருந்த குடை ரிப்பேர்காரர் இப்படித்தான் ஒருநாள் விட்டு ஒருநாள் நடுங்கினார். நடுவில் வந்த நல்ல நாட்களை நம்பி வீட்டோடு இருந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது நினைவு தப்பியிருந்தது. திரும்பி வரவில்லை.

"மலேரியாவா இருக்கும்டா. ரத்தம் குடுத்துப் பாத்துடலாம், வா" என்றாள்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் தம்பி எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினான்.

"மெதுவா பேசுக்கா. தொட்டி கழுவுறவனுக்கே மலேரியான்னா எவன் கூப்பிடுவான்? அந்த முதல் டம்ளரைக் குடிச்சுத்தான் வந்துச்சுன்னு சொல்லுவான்."

"மலேரியா குடிச்சா வராதுடா. கொசு கடிச்சாதான் வரும்."

"அது உனக்குத் தெரியும். மூணாவது மாடிக்காரருக்குத் தெரியுமா? சரி, கடிச்சுதான் வந்துச்சுன்னே வெச்சுக்க. கொசு எங்கேருந்து வந்துச்சும்பாங்க? இவன் கழுவின தொட்டியிலேருந்துதாம்பாங்க. எப்படிப் பாத்தாலும் என் தலையிலதான் விடியும்."

"மாப்பிள்ளைக்கு வாயுதான்" என்று மூலையிலிருந்து குரல் வந்தது. "இஞ்சிச் சாறு கேட்டுச்சே."

"அம்மா, கேட்டது விளக்கெண்ணெய்" என்றாள் மனைவி.

"ரெண்டு பேரும் சும்மா இருங்க. எனக்குக் கேட்டது ஆவி" என்றான் அவன்.

மறுநாள் மத்தியானம் வந்த காய்ச்சல் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது. கண்ணைத் திறந்து அக்காவைப் பார்த்து, "சார், நான் உள்ளதான் இருக்கேன். ஏணியை எடுத்துடாதீங்க" என்றான். வேர்த்து அடங்கும்வரை அக்கா அவன் கையை விடவில்லை. விடிந்ததும் வழக்கம்போல வாளியைத் தேடியவனிடம், பொத்தான் கணக்காக ஒரு பொய்யை வைத்துத் தைத்தாள்.

"உனக்கு மலேரியா இல்லடா. எனக்கு அது நல்லாத் தெரியும். ஆனா போர்வை தினம் கொடியில காயுறதைப் பாத்து ஊரு பேச ஆரம்பிச்சிடுச்சு. ரத்தம் குடுத்து, இல்லைன்னு சீட்டு வாங்கிட்டு வந்து அவங்க மூஞ்சியில காட்டு. உன் தொட்டி மேல பழி வரலாமா?"

அவன் வாளியைக் கீழே வைத்தான். துவைத்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான். "வா. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடலாம்." மனைவியும் கூடக் கிளம்பினாள்.

சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுக்கும் அம்மா மோதிர விரலைக் கேட்டார். தம்பி இடது கைப் பெருவிரலை நீட்டினான். "பிரஷ் பிடிக்க மத்ததெல்லாம் வேணும் மேடம். இது சும்மா கூட வர்ற விரல்." அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டு அதிலேயே குத்தினார். குளவிக்கு அசையாதவன் ஊசிக்கு அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். குத்திய இடத்தில் வைத்த பஞ்சின் மேல், தானே கைக்குட்டையைச் சுற்றிப் பெரிய கட்டாகப் போட்டுக்கொண்டான்.

"காய்ச்சலே இல்லாத நாள்ல வந்திருக்கோம். தெரியுமா மேடம்?" என்று அக்கா காதோரம் கேட்டாள்.

"ரத்தத்துல இருந்தா தெரியும்" என்றார் அவர்.

தெரிந்தது. "மலேரியாதான். மாத்திரையை முழுசாச் சாப்பிடணும். காய்ச்சல் விட்டுடுச்சுன்னு நடுவுல நிறுத்துனா மறுபடி வரும்."

தம்பி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். "மேடம், அந்தக் கொசு எந்தத் தொட்டியில பொறந்துச்சுன்னு ரத்தத்துல தெரியுமா?"

"அது விலாசம் சொல்லிட்டா கடிச்சுது?"

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் விடவில்லை. "உங்க வீட்டுல தண்ணி எதுல பிடிச்சு வெப்பீங்க?"

தம்பி மேலே சுழன்ற மின்விசிறியைக் கவனமாகப் பார்த்தான். மனைவி வாயைத் திறந்தாள். "மாடியில ட்ரம் இருக்கு மேடம். மூடி உடைஞ்சு எத்தனையோ நாளாச்சு. கழுவுங்கன்னா, 'வீட்டுக்கு வந்தும் தொட்டியா'ன்னு எரிஞ்சு விழுவாரு."

அந்த அம்மா எதையோ தேடுவதுபோலத் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"மேடம், இது வெளியில தெரிய வேண்டாம்" என்றான் அவன்.

"தெரியாது. ஆனா நாளைக்கு எங்க ஆள் வந்து அந்த ட்ரம்மைப் பாப்பாரு. கழுவி வெச்சிருங்க, மானம் தப்பும்."

மாத்திரை கொடுக்கும் ஜன்னலில், வாங்கியதற்குக் கையெழுத்துக் கேட்டார்கள். ஐந்தாவதுவரை படித்த அக்காதான் எங்கே போனாலும் அவனுக்காக அவன் பெயரை எழுதுவாள். பழக்கதோஷத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேனாவை வாங்கிவிட்டாள். "நோயாளியே போடணும்மா" என்று உள்ளே இருந்தவர் மை டப்பாவைத் திறந்து தள்ளினார். "இடது பெருவிரல்." பெருவிரல் கைக்குட்டைக்குள் பத்திரமாக இருந்தது. கட்டைப் பிரிக்கத் தம்பி சம்மதிக்கவில்லை. "சரி, வலது பெருவிரலை வைக்கட்டும்" என்று அக்கா அவன் கையை மை டப்பாப் பக்கம் இழுத்தாள்.

அவன் கையை விடுவித்துக்கொண்டான். "பேனாவைக் குடுக்கா."

பிரஷ்ஷைப் பிடிப்பதுபோல முழுக் கையாலும் பிடித்தான். ஒவ்வோர் எழுத்தையும் மேலிருந்து கீழாக அழுத்தி இழுத்தான். உதடு அசைந்தது. பின்னால் வரிசையில் நின்றவர் இருமினார்; அவன் அவசரப்படவில்லை. கடைசி எழுத்துக்குப் புள்ளி வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

"எப்படா கத்துக்கிட்ட?" என்றாள் அக்கா.

"நீ எனக்காக எழுதும்போதெல்லாம் பாத்துக்கிட்டுதானே நிப்பேன். தொட்டிச் சுவத்துல பாசி இருக்கும்ல, அதுல பிரஷ்ஷால எழுதிப் பாப்பேன். எழுதிட்டுத் தேச்சுடுவேன். உள்ள யாரு பாக்கப்போறா?"

அக்கா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, விரலால் தொட்டுத் தொட்டு எழுத்துகளைச் சரிபார்த்தாள். ஒன்றும் விடுபடவில்லை. மாத்திரைப் பொட்டலத்தை மடியில் செருகிக்கொண்டு, தையல் கடையில் சொல்லும் அடுக்கில் இதையும் சேர்க்க, ஜன்னலுக்குள் தலையை நீட்டி, இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டாள்.

செப்டம்பர் ஒன்பது, செவ்வாய்க்கிழமை.