தலைமாட்டு மூலையில் மஞ்சள்

என் மனைவியின் பெயருக்குக் கீழே ஒரு பொய் எழுதப்பட்டிருக்கிறது. அவள் பொருட்கள் வாங்கிவந்த இணையச் சந்தையின் செயலியை அவளுடைய கைபேசியில் திறந்து, பழைய ஆர்டர்களின் பட்டியலில் சற்றுக் கீழே இறங்கினால், அது இன்றும் அங்கே இருக்கிறது. அதை நீக்கச் செய்ய நான் பதினேழு மாதங்களாக எடுத்துக்கொண்ட முயற்சிகளை இங்கே எழுதுகிறேன். நீக்க முடியவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் முறை.

நோய் அவளுடைய முதுகெலும்புக்குப் பரவிய பிறகு, பரமத்தி வேலூரில் உள்ள எங்கள் வீட்டின் முன்னறைக்கு அவளுடைய கட்டிலை மாற்றினோம். நாளின் பெரும்பகுதி படுத்தே இருக்க வேண்டியிருந்தது. புண் வந்துவிடாமல் இருக்க ஏர் பெட் ஒன்று வாங்கிப் போடுங்கள் என்றார் நாமக்கல் மருத்துவர். வரிசை வரிசையாகக் குமிழ்கள் கொண்ட விரிப்பு அது. ஒரு சிறிய மோட்டார் குமிழ்களில் மாற்றி மாற்றிக் காற்றை நிரப்பிக்கொண்டிருக்கும். ஊரில் நான் கேட்ட மருந்துக் கடைகளில் அன்று இருப்பில்லை. "உடுங்க, நானே ஆர்டர் போட்டுக்கறேன்" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வாங்கியவர்கள் எழுதியிருந்ததை எல்லாம் படித்துப் பார்த்து, அவளே ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். எங்கள் வீட்டில் அந்த வேலை எப்போதும் அவளுடையது. முப்பத்து நான்கு ஆண்டுகள் கல்லூரியில் வேதியியல் கற்பித்த எனக்கு அந்தச் செயலியில் கணக்குக்கூடக் கிடையாது.

மூன்றாம் நாள் பெட்டி வந்தது. நான் பிரித்து விரிக்கப்போனபோது கட்டிலிலிருந்து தடுத்தாள்.

"ஏனுங்க, மொதல்ல மஞ்சக் குங்குமம் வெச்சுப்போட்டு அப்பறம் காத்தடிங்க. புதுசா ஊட்டுக்கு வந்ததுங்க."

எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். மிக்சியானாலும் பீரோவானாலும் லாரியானாலும், மஞ்சள் வைத்து அதன் மேல் குங்குமப் பொட்டிட்ட பிறகுதான் அது எங்களுடையதாகிறது. எனக்கு இதில் நம்பிக்கை இருந்ததா என்ற கேள்வி எங்கள் மணவாழ்க்கையில் ஒருபோதும் எழுந்ததில்லை. வைப்பவள் அவளாகவே இருந்தாள். அன்றுதான் முதல் தடவையாக நான் வைத்தேன். தண்ணீர் அதிகமாகிவிட்டது. தலைமாட்டு மூலையில் விரலை வைத்ததும் மஞ்சள் வழிந்து ஒரு சாண் நீளத்துக்கு ஓடியது.

"வாத்தியாருக்கு மஞ்சக் கொழைக்கத் தெரியலைங்களா?" என்று சிரித்தாள். சிரித்தால் வலிக்கும் என்பதால் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

மூன்று மணி நேரம்கூடப் படுக்கை தாங்கவில்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருக்க, காற்று இறங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய இடுப்பு கட்டிலின் பலகையைத் தொடுவதைக் கையை விட்டுப் பார்த்து அறிந்தேன். பகலில் வந்துபோகும் செவிலிப் பெண்ணும் நானும் அவளைப் புரட்டிப் பிடித்துக்கொண்டு அடிப்பக்கத்தைப் பார்த்தோம். இரண்டு குமிழ்களுக்கு இடையே, லாரி டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுவதுபோல, ஒரு கறுப்பு ஒட்டு இருந்தது. மோட்டாரின் வரிசை எண் சுரண்டப்பட்டிருந்தது. வேறு ஒரு வீட்டில், வேறு ஒருவர் படுத்திருந்த படுக்கையை, புதியது என்று விற்பனையாளர் எங்களுக்கு அனுப்பியிருந்தார்.

அவள் தன் கைபேசியிலேயே திருப்பி அனுப்பக் கோரிக்கை வைத்தாள். ஒட்டைப் படம் பிடித்து இணைத்தேன். இரண்டு நாள் கழித்து, பொருளைத் திரும்ப எடுத்துச் செல்பவர் வந்தார். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க மனிதர். தலைக்கவசத்தைக் கழற்றாமலேயே வாசலில் நின்று, படுக்கை காற்றில்லாமல், மடித்து, பெட்டியில் இருந்தால்தான் எடுக்க முடியும் என்றார். அவள் அதன் மேல்தான் படுத்திருந்தாள். மாற்றாக வேறு எதுவும் எங்களிடம் இல்லை. நானும் செவிலிப் பெண்ணும் அவளைத் தூக்கி, வெறும் பஞ்சு மெத்தை போட்ட பெஞ்சில் கிடத்தினோம். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அவர் படுக்கையை விரித்துப் படம் எடுத்தார். பிறகு தம் கைக்கருவியைப் பார்த்தபடி நின்றுவிட்டார்.

"கறை இருக்குதான்னு கேக்குதுங்க."

"அது மஞ்சள்" என்றேன். "பொட்டு வைத்தோம்."

"எனக்குத் தெரியாதுங்களா? எங்கூட்டு வண்டிக்கும் அப்பிடித்தானுங்க வெச்சிருக்குது. ஆனா இதுல மஞ்சளுன்னு ஒண்ணு இல்லீங்களே. ஆமா, இல்லை, ரெண்டுதான் இருக்குது."

"இல்லை என்று போடுங்கள்."

"போட்டோவுல தெரியுதுங்க சார். எஞ்சம்பளத்துல புடிச்சுப்போடுவாங்க."

பெஞ்சிலிருந்து அவள் சொன்னாள்: "ஆமான்னே போடுங்க சாமி. கறை இருக்கறது நெசந்தானுங்களே. நீங்க எதுக்குப் பொய் சொல்லோணும்?"

அவர் 'ஆமா' என்பதைத் தொட்டார். கருவி ஒருமுறை அதிர்ந்தது. எடுக்கக் கூடாது என்று வந்துவிட்டதாகச் சொல்லி, படுக்கையை மடிக்க எனக்கு உதவிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை விற்பனையாளரின் விளக்கம் செயலியில் ஏறியது. கைபேசி அவள் கையில் இருந்ததால் அவள்தான் முதலில் படித்தாள். அந்த வாக்கியத்தை நான் இங்கே அப்படியே தரப்போவதில்லை. படுக்கையை நோயாளி பல நாட்கள் பயன்படுத்தியிருக்கிறார் என்பதும், அதில் உள்ள கறை அவருடைய உடற்கழிவால் ஆனது என்பதும் அதன் சாரம். மேலே அவளுடைய முழுப்பெயர் இருந்தது.

அந்த நாள்வரை அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, செவிலிப் பெண்ணின் தோளில் சாய்ந்து, குளியலறைக்கு நடந்தே போய்வந்தாள். பத்தடி தூரம் அது. கால் மணி நேரம் ஆகும். படுக்கையிலேயே வசதி செய்து தருகிறோம் என்று மருத்துவர் சொன்னபோது, அவரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு "வேண்டாமுங்க" என்றவள் அவள். அந்த நடையில் அவள் எதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள் என்பது வீட்டில் இருந்த எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

கைபேசியை என்னிடம் நீட்டினாள்.

"பணம் போனாப் போகுதுங்க. அதைய மாத்திப் போடச் சொல்லுங்க. எம்பேர்ல இருக்குது."

வாடிக்கையாளர் சேவையில் முதலில் பதில் சொன்னது இயந்திரம். நான் எழுதியதில் 'மஞ்சள்' என்ற சொல்லைக் கண்டுகொண்டு, சமையல் பொடிகளைக் குறித்த புகாரா என்று கேட்டது. அதைத் தாண்டி மனிதர்களை அடைய இரண்டு நாள் ஆயிற்று. விற்பனையாளரின் கூற்றை மறுக்க என்னிடம் ஆதாரம் இருந்தால் அனுப்பலாம் என்றார்கள். ஆதாரம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு ஒரு தெம்பு வந்தது. நான் செய்த பிழை அங்கேதான் தொடங்குகிறது.

மஞ்சளில் உள்ள நிறமி காரம் பட்டால் சிவக்கும். வீட்டில் படக்கூடிய வேறு எந்த மஞ்சள் நிறக் கறையும் அப்படி ஒரே நொடியில் சிவப்பதில்லை. கல்லூரியில் முதல் வாரத்தில் நான் செய்துகாட்டும் சோதனை அது. வெற்றிலை விளையும் எங்கள் ஊரில் சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லை. தெளிந்த சுண்ணாம்பு நீரில் பஞ்சைத் தோய்த்து, மூலையில் ஓடியிருந்த கறையின் மேல் வைத்தேன். செவிலிப் பெண் காணொளி எடுத்தாள். ரத்தச் சிவப்பாக மாறியது. ஒவ்வொரு படியையும் விளக்கி, வினையின் பெயரோடு, ஒன்றரைப் பக்கக் கடிதம் எழுதி இணைத்தேன்.

இரண்டு நாளில் பதில் வந்தது. பொருளின் மேல் இப்போது புதிதாகச் சிவப்புக் கறையும் காணப்படுகிறது; வாடிக்கையாளர் பொருளை வேண்டுமென்றே மாற்றியமைத்திருக்கிறார்; ஆகவே கோரிக்கை நிரந்தரமாக நிராகரிக்கப்படுகிறது. விற்பனையாளரின் முதல் விளக்கம் அப்படியே மேலே நின்றது.

அவளிடம் படித்துக் காட்டினேன். மறைக்கத் தோன்றவில்லை.

"உங்க படிப்பு அவங்கிட்ட வேலைக்காகலைங்க" என்றாள். பிறகு, என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், "செரி உடுங்க, சோதனை நல்லாத்தான் செஞ்சிருக்கறீங்க" என்று சேர்த்துக்கொண்டாள்.

இதற்கிடையில் சேலத்திலிருந்து வேறு ஏர் பெட் வாங்கிவந்து போட்டுவிட்டோம். பழையது ஆதாரம் என்பதால் பெட்டியோடு அறையின் மூலையிலேயே இருந்தது. அவள் படுத்திருந்த இடத்திலிருந்து பார்த்தால் அதுதான் நேரே தெரியும். ஒவ்வொரு நாளும் காலையில் கேட்பாள்: "மாத்திப் போட்டாங்களா?" நான் இல்லை என்பேன். நடையும் அந்த வாரத்தில் நின்றுபோனது. பிறகு அவள் படுக்கையை விட்டு இறங்கவில்லை. கேள்வி மட்டும் நிற்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை, அவள் கேட்பதற்கு முன்பே, "மாற்றிவிட்டார்கள், அம்மிணி" என்று சொன்னேன்.

என்னைப் பார்த்தாள். "காட்டுங்க."

"சார்ஜ் இல்லை. போட்டிருக்கிறேன்."

"செரிங்க" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் கைபேசியைக் கேட்கவில்லை. நம்பியதால் கேட்கவில்லையா, நான் மேலும் பொய் சொல்ல நேரக் கூடாது என்று கேட்கவில்லையா என்பதை இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை. பதினோராம் நாள் அவள் இறந்தாள்.

சடங்குகள் முடிந்ததும் மீண்டும் தொடங்கினேன். நான் அவளிடம் சொன்னதை உண்மையாக்குவதற்கு வேறு வழி தெரியவில்லை. வாடிக்கையாளர் சேவையில், கணக்கு வைத்திருப்பவரிடம்தான் பேச முடியும் என்றார்கள். என் மனைவி பேசும் நிலையில் இல்லை என்று இரண்டு தடவை சொன்னேன். மூன்றாம் தடவை, ஓர் இளம்பெண், சென்னைப் பேச்சு, மிகவும் பொறுமையாக, "மேடம் எப்போ ஃப்ரீயா இருப்பாங்கன்னு சொல்லுங்க சார், நான் கால்பேக் பண்றேன்" என்றாள். அப்போது சொல்ல வேண்டியதாயிற்று.

எழுதிவைத்ததைப் படிக்கும் குரலில் அவள் இரங்கல் தெரிவித்தாள். என்னைக் காத்திருக்கச் சொன்னாள். இசை ஒலித்தது. திரும்பி வந்தபோது அவளுடைய குரலில் நிஜமான மகிழ்ச்சி இருந்தது.

"சார், ஸ்பெஷல் கேஸா அப்ரூவல் வாங்கிட்டேன். ஃபுல் ரீஃபண்ட். இப்பவே வந்துரும்."

"எனக்குப் பணம் வேண்டாம். அந்த வாக்கியத்தை எடுக்க வேண்டும்."

"எந்த வாக்கியம் சார்?"

சொன்னேன். அதாவது, சாரத்தைச் சொன்னேன்.

"அது செல்லர் கமெண்ட் சார். நாங்க அதை எடிட் பண்ண முடியாது. செல்லர்தான் எடுக்கணும்."

"விற்பனையாளரை எப்படித் தொடர்புகொள்வது?"

"அந்தக் கடை இப்போ எங்ககிட்ட ஆக்டிவா இல்லையே சார்."

"அப்படியானால் பணத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். புகாரை மூடாதீர்கள்."

"ரீஃபண்டை ரிட்டர்ன் பண்ண ஆப்ஷன் இல்லை சார்" என்றாள். அவளுக்கும் அது வருத்தமாகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன்.

அன்று மாலைக்குள் 'இந்தக் கோரிக்கை முடிவுற்றது' என்று பச்சை எழுத்தில் வந்தது. கருத்து எழுதும் பெட்டி பூட்டப்பட்டுவிட்டது. விற்பனையாளரின் விளக்கத்தைப் பூட்டுக்கு மேலே, திறந்ததும் கண்ணில் படும் இடத்தில், விட்டுவைத்திருந்தார்கள். அதே படங்களோடு, அதே படுக்கையை, வேறு பெயரில் ஒரு கடை அந்த வாரமே விற்றுக்கொண்டிருந்தது. நான் எழுதிக் கேட்ட கேள்விக்கு, தங்களுக்கும் பழைய கடைக்கும் தொடர்பில்லை என்று கைகூப்பும் படத்தோடு பதில் அனுப்பினார்கள்.

என் மகள் தொலைபேசியில், "அப்பா, அந்தப் பெட்டியத் தூக்கிப் போட்டுருங்கப்பா" என்றாள். ஆதாரம் என்றேன்.

நாமக்கல்லில் வழக்கறிஞராக இருப்பவர் என் பழைய மாணவி. நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடலாம் என்றார்; வாரிசுச் சான்றிதழ் இருந்தால் அவளுக்காக நானே போடலாம். பணம் வந்துவிட்டாலும் மன உளைச்சலுக்காகவும், அவதூறான பதிவை நீக்கக் கோரியும் கேட்கலாம். சான்றிதழுக்கு மூன்று மாதம் நடந்தேன். கிடைத்தது. சென்ற மாதம் மனுவின் வரைவைப் பார்க்க வரச் சொன்னார்.

நான்கு பக்கம். ஒழுங்காக, சுருக்கமாக எழுதியிருந்தார். மூன்றாம் பக்கத்தில், தடித்த எழுத்தில், மேற்கோள் குறிக்குள் அந்த வாக்கியம் முழுமையாக இருந்தது. அதற்குக் கீழே, மனுதாரரின் மனைவி இறுதிவரை தம் உடற்செயல்களைத் தாமே கட்டுப்படுத்தும் நிலையில் இருந்தார் என்று ஒரு பத்தி.

"இந்த இடத்தை வெற்றிடமாக விட்டுவிட முடியுமா, அம்மா?" என்று கேட்டேன்.

"எந்த இடமுங்க சார்?"

விரலால் காட்டினேன்.

அவர் அந்த வரியைப் பார்த்தார். "சார், அதைய நீக்கோணும்னுதான மனுவே போடறோம். என்னன்னு சொல்லாம நீக்கச் சொல்ல முடியாதுங்க சார். எதிர்த்தரப்புக்கு ஒரு நகல் போகும். கோர்ட்ல படிப்பாங்க."

"இந்தப் பத்தி?"

"அது பொய்யின்னு அவங்க சொல்லுவாங்க. அப்ப நீங்க சாட்சி சொல்லோணும். அந்த நர்சம்மாவும். எந்தத் தேதி வரைக்கும் நடந்தாங்க, எப்ப நின்னாங்கன்னு கேப்பாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் முடிஞ்ச வரைக்கும் பாத்துக்கறேனுங்க சார். ஆனா கேக்கத்தான் செய்வாங்க."

இறுதிவரை என்று மனு சொல்கிறது. இறுதிவரை நடக்கவில்லை. கடைசி வாரங்களில் நடக்கவில்லை. அதை நான் கூண்டில் ஏறி, தேதியோடு, சத்தியம் செய்து சொல்ல வேண்டும். விற்பனையாளர் எழுதியது எழுதிய நாளில் பொய். அதற்கடுத்த நாட்களில் என்னவாக இருந்தது என்பதை அந்த அறையில் இருந்த மூவரைத் தவிர வேறு எவரும் அறிய வேண்டியதில்லை.

"ரெண்டு வருசத்துக்குள்ள போட்டாப் போதுமுங்க சார். இன்னும் எட்டு மாசம் இருக்குது. எடுத்துட்டுப் போயிப் பொறுமையாப் படிங்க" என்றார்.

எடுத்துவந்தேன். கையெழுத்திட வேண்டிய இடங்களில் பென்சிலால் சிறு குறிகள் போட்டிருக்கிறார். இட்டால் அந்த வாக்கியத்தை என் கையாலேயே இன்னும் பல கைகளுக்கு அனுப்புகிறேன். இடாவிட்டால், மாற்றிவிட்டார்கள் என்று அவளிடம் நான் சொன்னது பொய்யாகவே நின்றுவிடும்.

போன வாரம் அந்த மாணவி கூப்பிட்டார்.

"படிச்சிட்டீங்களா சார்?"

"இன்னும் முடிக்கலை, அம்மா" என்றேன்.