ஆர்விட் காங்கஸ் பார்த்த ஆட்டம்

ஆர்விட் காங்கஸ் தன் எண்பத்தொரு வயதுக்குள் உருப்படியாகச் சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான். அதை நாற்பது வருஷமாக ஒரு சொல் பிசகாமல் சொல்லிவந்ததால், ஸ்டர்ஜன் ஹார்பரில் அவருக்கு உண்மை பேசுகிறவர் என்ற பேர் நிலைத்துவிட்டது. உண்மையைச் சொல்கிறவர்கள்தான் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள்.

பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை, காலை ஒன்பதரை மணி. மார்லிஸின் ரொட்டிக்கடையில் ஜன்னலோர மேஜைக்கு வழக்கமானவர்கள் வந்துவிட்டார்கள். முந்தின நாள் ரெட் பாயிண்டில் நடந்த ஐஸ் ஹாக்கி ஆட்டத்தில் உள்ளூர்க் கல்லூரிப் பையன்கள் கூடுதல் நேரத்தில் மூன்றுக்கு இரண்டு என்று ஜெயித்திருந்தார்கள். வெளியூர் வெற்றிக்கு மறுநாள் அந்த மேஜையில் காப்பி ஆறிப்போகும். குடிக்க யாருக்கும் வாய் ஒழியாது.

"அவன் வீட்டுக்குள்ளயே பூந்து அடிச்சிட்டு வந்திருக்காங்கய்யா!" என்றாள் டொலோரஸ் போட்ரி. முப்பது வருஷம் கல்லூரி விடுதியில் சமையல் செய்தவள். ஆட்டக்காரர்களை அவர்கள் தின்ற அளவை வைத்தே மதிப்பிடுவாள். "அந்தப் பத்தொன்பதாம் நம்பர் மட்டும் என் கையால சாப்பிட்டிருந்தான்னா, கூடுதல் நேரமே தேவைப்பட்டிருக்காது. இப்ப அங்க வெறும் இலைதழையைப் போட்டுப் பசங்கள வத்தவைக்கிறாங்க."

"ஜெயிச்சோம்னு சொல்லாத. அவன் தோத்தான்னு சொல்லு. ரெண்டும் ஒண்ணில்ல" என்றார் வில்பர்ட் ட்ரெவரோ. பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபது வருஷமாக ஓர் ஆட்டமும் விடாமல் பார்த்திருக்கிறார். எந்த வெற்றியும் நியாயமானது என்று ஒப்புக்கொண்டதில்லை. "அவன் நம்ம கோலைப் பாத்து முப்பத்தோரு தடவை அடிச்சான். நாம பதினேழு. நியாயமா நாம இந்நேரம் துக்கம் கொண்டாடிக்கிட்டு இருக்கணும்."

"யோவ், நீ கல்யாணச் சாப்பாட்டுலயும் கல்லு பொறுக்கற ஆளு."

"கல்லு இருந்தா பொறுக்கத்தான் செய்யணும், டொலோரஸ்."

வேறொரு நாளாக இருந்தால் ஆர்விட் இந்த இடத்தில்தான் தொண்டையைச் செருமுவார். ரெட் பாயிண்டின் பனித்தளத்தில் நம் பையன்கள் கூடுதல் நேரத்தில் ஜெயிப்பது இது இரண்டாவது முறை. முதல் முறை 1984 ஜனவரியில். அந்த ஆட்டத்தை நேரில் பார்த்த ஒரே உள்ளூர் ரசிகர் ஆர்விட். ஊரே அப்படித்தான் நம்பியது.

இன்று அவர் தன் தட்டிலிருந்த நிசுவை, அந்த ஏலக்காய் ரொட்டியை, தின்னாமல் பிய்த்துப் பிய்த்துக் குவித்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை டொலோரஸ் தொலைபேசியில் சொன்ன சேதிதான் காரணம். வானொலியில் ஆட்டத்தை வர்ணித்துவந்த ஹால் நோர்டீன் போன வருஷம் காலமானார். அவர் வீட்டுப் பரணைக் காலி செய்த மகள் ஜானெல் ஓர் ஒலிநாடாவைக் கண்டெடுத்திருந்தாள். மேலே ஹாலின் கோழிக்கிறுக்கலில் 'ரெட் பாயிண்ட், 84' என்று இருந்தது. அதைச் செல்பேசியில் ஏற்றிக்கொண்டு பத்து மணிக்கு வருகிறாளாம்.

"உன் கதையை இனி ஹாலும் சேர்ந்து சொல்லப் போறான்யா" என்று டொலோரஸ் சந்தோஷப்பட்டிருந்தாள். ஆர்விட் இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. பத்து மணிக்கு முன்னால் தன் வாயாலேயே சொல்லிவிடவேண்டும் என்று முடிவுகட்டிக்கொண்டுதான் இன்று கடைக்கு வந்திருந்தார். நாடா சொல்லி அவர் பொய்யர் ஆவது ஒன்று, தானே சொல்லிப் பொய்யர் ஆவது வேறு. இரண்டாவதில் இந்த மேஜையில் ஒரு நாற்காலியாவது மிஞ்சும்.

நடந்தது இதுதான். ஆர்விட் முப்பத்துநான்கு வருஷம் மாவட்டச் சாலைத் துறையில் பனி ஒதுக்கும் லாரி ஓட்டியவர். அந்த ஜனவரியில் அடித்த பனிப்புயலில் ரசிகர்களின் பஸ்கள் எல்லாம் ரத்தாயின. ஆட்டக்காரர்களின் பஸ் மட்டும் கிளம்பியது; அதற்கு வழி வெட்டிக்கொண்டு முன்னால் ஆர்விட்டின் லாரி போனது. மாவட்ட எல்லையில் ஒரு பாலம். அங்கே அடுத்த மாவட்டத்து லாரி வந்து காத்திருக்கவேண்டும், வரவில்லை. ஆர்விட் கண்ணாடியில் பின்னால் நின்ற பஸ்ஸைப் பார்த்தார். விதிப்படி லாரியைத் திருப்பியிருக்கவேண்டும். திருப்பவில்லை. எல்லை தாண்டி இன்னும் எழுபது மைல், தன்னுடையது அல்லாத சாலையை, தன்னுடையது அல்லாத பனியிலிருந்து சுத்தம் செய்துகொண்டே போனார். அரங்கத்தை அடைந்தபோது அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பதினொரு மணி நேரம் ஆகியிருந்தது. பத்து நிமிஷம் கண்ணை மூடிவிட்டு உள்ளே போகலாம் என்று நினைத்தார். கண்ணைத் திறந்தபோது பையன்கள் பையும் மட்டையுமாகப் பாடிக்கொண்டே வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

இங்கே ஸ்டர்ஜன் ஹார்பரில் பனியின் பாரம் தாங்காமல் கம்பிகள் அறுந்து இரண்டு நாளாக மின்சாரம் இல்லை. ஹால் அங்கிருந்து வர்ணித்தது ஒருவர் காதிலும் விழவில்லை. ஞாயிற்றுக்கிழமை திரும்பிவந்து இதே கடைக்குள் நுழைந்த ஆர்விட்டைப் பார்த்து மொத்தக் கடையும் ஒரே குரலில் கேட்டது: "எப்படிய்யா இருந்துச்சு?"

பனி ஒதுக்குகிறவனிடம் எப்படி இருந்தது என்று கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. ஆர்விட் சாலையைப் பற்றிச் சொன்னார்.

"ஜென்மத்துல இப்படி ஒண்ணப் பாத்ததில்ல. கடைசிப் பத்து நிமிஷம் உசுரு என்கிட்ட இல்ல. திடீர்னு இடது பக்கத்துலேருந்து ஒருத்தன் வந்தான் பாரு... அவ்வளவுதான், முடிஞ்சுதுன்னு நெனச்சேன்."

வந்தது மரம் ஏற்றிய லாரி. ஆனால் டொலோரஸின் புருஷன் ரே மேஜையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். "இடது பக்கமா? நம்ம பெலெச்சுக்தானே? பின்கையால அடிச்சானா?"

இரண்டு நாளாக இருட்டிலும் குளிரிலும் கிடந்த முகங்கள் அத்தனையும் ஆர்விட்டைப் பார்த்தன. மரலாரி என்று சொல்ல வாயைத் திறந்தார். மரலாரியைச் சொன்னால், எல்லைக்கு அப்பால் அரசாங்க வண்டியில் என்ன செய்தாய் என்ற கேள்வியும் வரும். கூட்டத்தில் அவருடைய மேலதிகாரியும் இருந்தார்.

"ம்" என்றார் ஆர்விட்.

அந்த ஓர் எழுத்திலிருந்து ஒரு கோல் முளைத்தது. வசந்தம் வருவதற்குள் அதற்குக் கை கால் முளைத்துவிட்டது. அடுத்த மாவட்டத்து லாரி வந்துவிட்டதாகவும், தன் லாரியைப் பாலத்தருகே நிறுத்திவிட்டு ஆட்டக்காரர்களின் பஸ்ஸில் ஏறிப் போனதாகவும் சொல்லிக்கொண்டார். பஸ் ஓட்டுநரும் பயிற்சியாளரும் அவருக்குச் செய்த ஒரே நன்றிக்கடன் வாய் திறக்காமல் இருந்தது. இப்படியாக, உண்மையில் செய்த காரியத்தை ஒளித்துவைத்து, சும்மா உட்கார்ந்து பார்த்ததாகச் சொன்னதற்குப் பேர் வாங்கிய மனிதர் அவர்.

மனைவி எல்மாவுக்கு மட்டும் தெரியும். ஆரம்பத்தில் கதை நீளும்போதெல்லாம் மேஜைக்கடியில் அவர் காலை மிதிப்பாள். பத்து வருஷம் போனபின், ஒருநாள் அவர் தடுமாறியபோது, "இடது பக்கம், ஆர்வி, இடது பக்கம்" என்று அவளே எடுத்துக்கொடுத்தாள். வர்ணித்து முடித்த ஆட்டத்தை அன்றோடு மறந்துவிடும் ஹால், யார் கேட்டாலும் ஆர்விட்டைக் கைகாட்டிவிடுவார். பழைய மாணவர்கள் கூடிய ஒரு கோடையில் பெலெச்சுக்கே கனடாவிலிருந்து வந்திருந்தான். ஆர்விட் சொல்வதை வாய் பிளந்து கேட்டுவிட்டு, தன் பிள்ளைகளைக் கூப்பிட்டு, "கேட்டுக்குங்கடா, உங்கப்பன் அப்படித்தான் அடிச்சான்" என்றான். கோல் போட்டவனே அந்தக் கோலுக்கு மாறிவிட்ட பிறகு ஆர்விட் என்ன செய்ய முடியும்?

எல்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. அவளுக்குப் பிறகு, தான் அந்த ஆட்டத்தைப் பார்க்கவில்லை என்று தெரிந்த ஆள் உலகத்தில் தான் ஒருவரே என்பதை நினைக்கும்போதெல்லாம் அவருக்கு வெட்கத்தைவிடப் பொறாமைதான் அதிகம் வரும். அத்தனை மைல் போய், சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துத் தூங்கியிருக்கிறாரே! ஊருக்கெல்லாம் காட்டிய ஆட்டத்தை அவர் ஒருவர்தான் இன்னும் பார்க்கவில்லை.

பத்து மணிக்கு ஜானெல் வந்து, காலணியின் பனியை உதறிவிட்டு, செல்பேசியைச் சர்க்கரைக் கிண்ணத்தில் சாய்த்துவைத்தாள்.

"மிஸ்டர் காங்கஸ், நீங்க பக்கத்துல வாங்க. இது உங்களுக்காகத்தான் கொண்டாந்தேன்."

"ஒரு நிமிஷம்மா, ஜானெல். அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும்."

"நாப்பது வருஷம் நீதானய்யா சொன்ன" என்றார் வில்பர்ட். "இன்னிக்கு ஒருநாள் செத்துப்போனவன் பேசட்டும். வாயை மூடு."

ஜானெல் பொத்தானை அழுத்தினாள். கரகரவென்று ஓர் இரைச்சல், அதற்குள்ளிருந்து ஹாலின் குரல். மூக்கடைத்த, அவசரமில்லாத, எந்நேரமும் ஏதோ மென்றுகொண்டே பேசுகிற குரல். மார்லிஸ் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். சிறிது நேரம் யாரும் ஆட்டத்தைக் கேட்கவில்லை. குரலை மட்டும் கேட்டார்கள்.

ஆட்டத்தை முதலில் கவனித்தவர் வில்பர்ட். "என்னது, அவங்க ரெண்டு, நாம சைபரா? ஆர்வி, நாம முதல்ல போட்டோம்னுல்ல சொல்லுவ?"

ஆர்விட் வாயைத் திறந்தார். டொலோரஸ் முந்திக்கொண்டாள். "ஹாலுக்கு எப்பவுமே பேரு குழம்பும்யா. நம்ம பசங்க சட்டையும் அவங்க சட்டையும் தெரியாம அரை ஆட்டம் ஓட்டுவான். பாவம், கண்ணாடி மாத்தவே மாட்டான்."

"அதுவும் சரிதான்" என்றார் எதையும் எளிதில் ஒப்புக்கொள்ளாத வில்பர்ட்.

ஜானெல்கூடத் தலையாட்டினாள். ஆக, ஆட்டம் நடக்கும்போதே பேசிய சாட்சியைத் தள்ளிவிட்டு, தூங்கிய சாட்சியின் பக்கம் அந்த மேஜை தீர்ப்பு எழுதிவிட்டது. ஆர்விட் தப்பித்துவிட்டார். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

ஆனால் ஹால் மெல்வதை நிறுத்திவிட்டார். இரண்டுக்கு ஒன்று, பிறகு இரண்டுக்கு இரண்டு. கூடுதல் நேரம் தொடங்கியது. நம் கோலி ஒன்றைத் தடுத்தான், விழுந்தபடியே இன்னொன்றைத் தடுத்தான். ஆர்விட்டின் வலக்கை காதுமடலைக் குவித்துப் பிடித்துக்கொண்டது. அவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டிருந்தார்.

"எடுத்து வெளிய அடிடா, வெளிய..." என்று முணுமுணுத்தார்.

வட்டு சுவரில் மோதித் திரும்பியது. நம் ஆள் ஒருவன் தூரத்திலிருந்து அடித்தான். கோல் வாயில் நாலைந்து கால்கள். ஹாலின் குரல் கீச்சென்று உடைந்தது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. எதிராளியின் அரங்கம் வாயடைத்துப் போயிருந்தது.

"உள்ள போச்சா?" ஆர்விட் எழுந்து நின்றுவிட்டார். காப்பி மேஜைமேல் ஓடியது. "போயிடுச்சா? யாரு? யாரு போட்டது?"

"பெலெச்சுக்!" என்று நாற்பது வருஷத்துக்கு அப்பாலிருந்து ஹால் பதில் சொன்னார். "அவன் கால்ல பட்டு உள்ள போயிடுச்சு!"

மேஜையைச் சுற்றிலும் எல்லோரும் செல்பேசியை விட்டுவிட்டு ஆர்விட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் தான் கேட்ட கேள்வி அவர் காதிலேயே விழுந்தது. மெல்ல உட்கார்ந்தார்.

"நான் உள்ள போகவே இல்ல" என்றார். "லாரியில தூங்கிட்டேன்."

எந்த லாரி என்று மார்லிஸ் கேட்டாள். பாலத்தையும் எழுபது மைலையும் மரலாரியையும் அவர் சொன்னார். முதல் முறையாகச் சொல்வதால் திக்கித் திணறி, முன்னும் பின்னுமாக, நம்பும்படியாகவே இல்லை.

டொலோரஸ் கைக்குட்டையால் கொட்டிய காப்பியை ஒற்றியெடுத்தாள். "ஆஸ்பத்திரியில கடைசி வாரம், ரே உன் கோலைத்தான்யா நர்சுகளுக்கெல்லாம் சொல்லிக்கிட்டுக் கெடந்தான்" என்றாள்.

"தெரியும், டொலோரஸ்."

"இடது பக்கம், பின்கை, மேல்மூலை."

"அது... ரே கேட்டான். நான் 'ம்' போட்டேன்."

"அப்ப அது அவன் போட்ட கோலா?" அவள் சற்று யோசித்தாள். முகத்தில் அழுகையும் சிரிப்பும் இடம்பிடிக்கச் சண்டை போட்டன. "படுபாவி. நல்ல கோலாத்தான் போட்டிருக்கான்."

"இருங்க, இருங்க" என்றார் வில்பர்ட். தூங்கினது, லாரி, ரே எதுவுமே அவர் காதில் ஏறவில்லை. "கால்ல பட்டுன்னா சொன்னான் ஹால்? பட்டுச்சா, இல்ல உதைச்சானா? உதைச்சிருந்தா அது கோலே இல்ல. நாப்பது வருஷமா தோத்த ஆட்டத்தையா கொண்டாடிக்கிட்டு இருக்கோம்?"

"பட்டுச்சு" என்றார் ஆர்விட் சட்டென்று.

"உனக்கென்னய்யா தெரியும்? நீதான் குறட்டை விட்டுக்கிட்டு இருந்தியே!"

"நீ மட்டும் கிழிச்சியா? கரண்ட் இல்லன்னு ஆறு மணிக்கே போர்வைக்குள்ள பூந்தவன்தானே நீ!"

அந்த ஆட்டத்தைப் பற்றி அந்த மேஜையில் யாரும் ஆர்விட்டை எதிர்த்துப் பேசியதே கிடையாது. நேரில் பார்த்தவனோடு யார் வாதாடுவார்கள்? நாற்பது வருஷம் அவர் சொன்னார், அவர்கள் கேட்டார்கள். இப்போது வில்பர்ட் விரலை நீட்டி, பெலெச்சுக்கின் கால் என்ன கோணத்தில் இருந்திருக்கும் என்று மேஜையில் சிந்திய காப்பியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். ஆர்விட் அதைக் கையால் அழித்துவிட்டு வேறு கோடு போட்டார். அவருடைய காது சிவந்திருந்தது. குரல் கடைக்கு வெளியே கேட்டது.

"நீ கோட்டைத் தப்பாப் போடற, வாத்தியாரே. கோலி எங்க நின்னான்னு ஹால் சொன்னானே, கேட்டியா?"

"நான் கேட்டேன். நீதான் நடுவுல எழுந்து கத்தின."

ஆர்விட் நாற்காலியை இழுத்துச் செல்பேசிக்கு முன்னால் போட்டுக்கொண்டார்.

"ஜானெல், கொஞ்சம் பின்னாடி தள்ளிப் போடும்மா" என்றார். "இந்த ஆளு வாயைத் திறக்காம இருந்தா இந்தத் தடவை ஒழுங்காக் கேக்கலாம்."