கறுப்புத் தொட்டியில் போன அரக்கு

என் கூட்டாளி சாயம் போட்ட பட்டு நூலை ஒன்பது நாள் அவனுக்குத் தெரியாமல் கறுப்புத் தொட்டியில் முக்கினவன் நான். நினைத்தால் இப்போதும் உடம்பு எரிகிறது. அதைச் செய்யச் சொன்னவர்மேல் பாதிக் கோபம், தலையாட்டிய என்மேல் மீதி.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு சாயப்பட்டறையில் வேலை செய்கிறேன். ஐந்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. பேச்சும் குறைவு; பட்டறையில் எனக்கு ஊமை என்றே பெயர். வளையமாகச் சுற்றிக் கட்டிய நூல் சிட்டங்களைக் கோலில் மாட்டி, தொட்டிக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன் நின்று, சுடுதண்ணீரில் திருப்பித் திருப்பிச் சாயம் ஏற்றுவோம். பன்னிரண்டு வருஷமாக என் எதிரில் நின்றவன் அவன். அரக்குச் சிவப்பு அவன் கைக்கு வருவதுபோல் எனக்கு வராது. எதிரில் நிற்கும் நான் பேச வேண்டிய அவசியமில்லாதபடி, இரண்டு பேருக்கும் சேர்த்து அவனே பேசுவான்.

போன வருஷம் அவனுக்கு மனநோய் வந்தது. தூக்கம் போயிற்று. பிறகு, தன் தொட்டியில் யாரோ எதையோ கலக்கிறார்கள், தான் போட்ட நிறத்தை யாரோ மாற்றுகிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தான். ஒருநாள் என் சட்டையைப் பிடித்து, “நீயும் அவங்களோட கூட்டாடா?” என்று கேட்டான். அதன் பிறகு ஆஸ்பத்திரி, மாத்திரை, வீடு என்று நான்கு மாதம். தேறிவிட்டான்.

அவன் திரும்பி வருவதற்கு முதல் நாள் அவன் சம்சாரம் என்னிடம் வந்தது. “அண்ணா, பழைய வேலையே பாக்கலாம்னு டாக்டரம்மா எழுதிக் குடுத்துட்டாங்க. காலையில மாத்திரை மயக்கம் இருக்குது, பத்து மணிக்கு வர வுடுங்கன்னு மட்டும் கேட்டிருக்காங்க. வீட்லயே குந்திக்கினு இருந்தா மறுபடியும் பழையபடி ஆயிடுவாருன்னு பயமா இருக்குதுண்ணா.”

அந்தக் கடிதத்தை முதலாளி வாங்கினார், காலண்டருக்குப் பின்னால் செருகினார். அவ்வளவுதான் அதற்கு மரியாதை.

மறுநாள் அவனைப் பின்கட்டில் ஒரு சின்னத் தொட்டிக்கு அனுப்பினார். “தனி ஆர்டர்பா. அரக்கு. நீதான் போடணும்.” அவன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். மூன்று மணிக்கெல்லாம் “போய் ரெஸ்ட் எடு” என்று அனுப்பிவிட்டு, என்னைக் கூப்பிட்டார்.

“ஆர்டரும் இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லாம் கழிவு நூலு. அவன் போனதும் எடுத்துக் கறுப்புல போட்டுடு, சில்லறை வேலைக்காவது ஆவும். அவன்கிட்ட சொல்லாத. பாவம், மனசு நோகக் கூடாது.”

சம்பளம் முழுசாகக் கொடுத்தார். எல்லோரிடமும், “அவனை யாரும் எதுவும் சொல்லக் கூடாது” என்று கண்டிப்பு வேறு. நல்லதுதான் செய்கிறோம் என்று அவரும் நம்பினார். பட்டறையே அவனிடம் விருந்தாளியிடம் பேசுவதுபோல் பேசியது. ஒருத்தன்கூடக் கேலி செய்யவில்லை.

நாங்கள் ஒவ்வொருவரும் போட்ட சிட்டத்தில் ஒரு முடிச்சு விடுவோம். நெசவுக்குப் போன நூலில் சாயம் விட்டால், முடிச்சைப் பார்த்து ஆளைக் கூப்பிட்டுத் திட்டுவார்கள். அவனுடையது இரட்டை முடிச்சு, விரல் நீளத்துக்கு வால். கழிவு நூல் என்று தெரியாமல் அதிலும் ஒவ்வொன்றாக முடிச்சு போட்டிருந்தான். நிறம் அருமையாக வந்திருந்தது. எல்லாவற்றையும் கறுப்பில் முக்கினேன். முடிச்சை அவிழ்க்க மட்டும் கை வரவில்லை.

பத்தாம் நாள் அவன் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள். வரமாட்டான் என்று இருந்தோம். மத்தியானமே பார்த்து அனுப்பிவிட்டார்கள்போல. நேராகப் பட்டறைக்கு வந்துவிட்டான். மூங்கிலில் காய்ந்துகொண்டிருந்த கறுப்புச் சிட்டங்களில் ஒன்றைக் கையில் எடுத்தான்.

“இது என்னுது.”

நான் கையிலிருந்த கோலைக் கீழே வைத்தேன்.

“யாரு முக்கினது?”

“நான்தான்.”

“கலரு நல்லா வரலியா?”

“நல்லாத்தான் இருந்துச்சி.”

“அப்புறம் இன்னாத்துக்கு?” முடிச்சை விரலால் தடவிக்கொண்டே இருந்தான். “என் கலர யாரோ மாத்தறாங்கன்னு சொன்னேன். அது வியாதி, அப்படி யாரும் பண்ணலன்னு டாக்டரம்மா சொல்லிச் சொல்லிப் புரிய வச்சாங்க. நாலு மாசம் மாத்திரை முழுங்கினேன். இப்ப அவங்ககிட்ட நான் இன்னாபா சொல்லட்டும்?”

சிட்டத்தை என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

என் வாழ்க்கையில் முதல் தடவையாக, முதலாளி கூப்பிடாமலே அவர் அறைக்குப் போனேன். அந்தக் கறுப்புச் சிட்டத்தை அவர் மேசைமேல் வைத்தேன்.

“நல்லதுக்குத்தானேபா செஞ்சேன்? கல்யாணப் பொடவை நூலு. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?”

“ஐப்பசியில நான் குடிச்சிட்டு வந்து தண்ணிய கொதிக்க வுட்டு, பன்னெண்டு பொடவை நூலக் கெடுத்தேன். இன்னா பண்ணீங்க? திட்டினீங்க. மறுநாளே அதே தொட்டியில நிக்க வச்சீங்க. நான் தெரிஞ்சே குடிச்சவன். அவன் இன்னா கேட்டா வாங்கினான் வியாதிய?”

வெளியே நூல் அலசுகிற ஆள், “அடேயப்பா, ஊமைக்கு வாய் வந்துடுச்சிடா!” என்றது காதில் விழுந்தது. முதலாளி எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“சரி, உன் எதிர்ல நிக்க வை. எதுனா ஆச்சுன்னா நீதான் பொறுப்பு.”

சந்தோஷமாக அவன் வீட்டுக்கு ஓடிச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

“எனக்கு நீ பொறுப்பா? அப்ப என் முடிச்சு எதுக்கு? தப்பு வந்தா என்னைக் கூப்டு திட்டச் சொல்லு. இல்லன்னா நான் வரல.”

அதையும் போய்ச் சொன்னேன். முதலாளி முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

மூன்று நாள் அவன் வரவில்லை. அவன் இடத்தில் வேறு ஆளைப் போடாதீர்கள் என்று தினமும் போய் நின்றேன். நாலாம் நாள் சரியாகப் பத்து மணிக்கு வந்து கோலைப் பிடித்தான். நாலைந்து கோல் திருப்பினோம். பிறகு, “வேகமா திருப்புயா, தூங்கிக்கினே இருக்க” என்றான். அந்தத் திட்டு எனக்கு எவ்வளவு இனித்தது என்று சொல்லத் தெரியவில்லை.

மாதங்கள் ஆகிவிட்டன. கல்யாண நூல் அவன் முடிச்சோடு போகிறது. ஒரு தடவை சாயம் விட்டது என்று புகார் வந்து, முதலாளி அவனையே கூப்பிட்டுத் திட்டினார். மற்றவர்களும் பழையபடி கேலி பேசுகிறார்கள். ஆனால் அவன் வீட்டுக்குக் கிளம்பும்போது, மூங்கிலில் காயும் தன் சிட்டங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒரு முறை என்னையும் பார்த்துவிட்டுத்தான் போகிறான்.

அலசுகிற ஆள் நேற்று என் காதோடு, “பாரு, இன்னும் அந்த வியாதி முழுசா வுடல” என்றான்.

“அது வியாதி இல்ல” என்றேன். “அது நாம செஞ்சது.”

பட்டறை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.