மாமி குடித்த பெலிமல்

என் மாமிக்குச் சோடா என்றால் உயிர் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். பச்சைப் பொய். மாமிக்கு என் வீட்டுத் தம்ளர் ஆகாது, அவ்வளவுதான் விஷயம்.

நான் மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவள். கொழுந்து எடுக்கும்போது எல்லோரும் ஒன்றாகத்தான் மலையில் நிற்போம். ஆனால் சில வீடுகளில் சிலர் கை நனைக்க மாட்டார்கள். எங்கள் வீடு, மற்றவர்கள் தண்ணீர் வாங்கிக் குடிக்காத வீடு. அதற்காக வாசலுக்கு வந்தவரை வெறும் வாயோடு அனுப்ப முடியுமா? கடைக்கு ஓடிப்போய் ஒரு இனிப்புச் சோடா வாங்கி வந்து, அவர் கண் முன்னாலேயே உடைத்துக் கொடுப்போம். மூடி போட்டு வந்த போத்தலுக்குத் தீட்டு கிடையாது. அவரும் அண்ணாந்து குடித்து, ஏப்பம் விட்டு, எங்கள் உபசரிப்பைப் புகழ்ந்துவிட்டுப் போவார்.

நான் காதலித்துக் கட்டியவர் தெல்தோட்டைக்காரர், அந்தக் குடிக்காத பக்கத்து ஆள். கண்டியில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்தார். கட்டுகஸ்தோட்டையில் வாடகைக்கு இருந்தோம். கலியாணத்துக்குப் பிறகு மாமி மாதம் ஒரு தடவை வருவார். கதிரையின் நுனியில் உட்காருவார். சோறு வேண்டாம், வயிறு சரியில்லை. தேத்தண்ணி வேண்டாம், பித்தம். "எனக்கு ஒரு சோடா போதும்டா தம்பி" என்று மகனிடம் சொல்வார். மகனும் விழுந்தடித்து ஓடுவார். மூடி திறக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் மாமியின் முகம் தெளியும். வெயில் நாளில் இரண்டு, மூன்று போத்தல் கூட உள்ளே போகும்.

பிறகு சீனி வருத்தம் வந்தது. வலது கால் பெருவிரல் கறுத்தது. ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: சோடாவை நிறுத்தாவிட்டால் கால் போய்விடும். தண்ணீர், சீனி போடாத பிளேன்டீ, பெலிமல், இவற்றைத்தான் குடிக்க வேண்டும்.

காய்ந்த வில்வம்பூவைத்தான் இங்கே பெலிமல் என்போம். கொதிக்க வைத்தால் நல்ல வாசம் வரும், சீனியே தேவைப்படாது. அடுத்த கிளினிக் நாளில் நான் அதைக் கொதிக்க வைத்து, புதுத் தம்ளரில் ஊற்றிக் கொண்டுபோய் வைத்தேன். கடையில் ஒட்டிய ஸ்டிக்கரைக்கூட நான் பிய்க்கவில்லை. மாமி அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அந்த மணம் எனக்குக் குமட்டும்."

என் வீட்டுக்காரர் தன் மூளையைக் காட்டினார். சீனியில்லாத சோடா ஒன்றைத் தகர டின்னில் வாங்கி வந்தார். மாமி ஒரு மடக்குக் குடித்துவிட்டு வாசலில் துப்பினார். "கசக்குதுடா. மருந்து கலந்த மாதிரி இருக்கு." சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார். அட பாவி மனுஷி, மூடியைத் திறந்தது உன் மகன்!

சரி, போத்தல் தண்ணீர் வாங்கி வரட்டுமா என்று மகன் கேட்டார். அதற்கும் மாமி சம்மதிக்கவில்லை. எனக்குக் காரணம் புரிந்தது. சோடா கேட்டால் ஆசை என்று சொல்லிக்கொள்ளலாம். பைப்பில் தண்ணீர் வரும் வீட்டில் உட்கார்ந்து போத்தல் தண்ணீர் கேட்டால், மனதில் இருப்பது பல்லை இளித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். ஆகவே பழையபடி சோடாதான். நான் வாயை மூடிக்கொண்டு பார்த்தேன். கால் அவருடையது.

கால் போயிற்று. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். தெல்தோட்டையில் இருந்து ஒரு குருவியும் வந்து நிற்கவில்லை. பகலெல்லாம் வார்டில் நான்தான் இருந்தேன். மலச்சட்டி வைத்தேன், உடம்பு துடைத்தேன், சீழ் பட்ட துணியைக் கசக்கினேன். அதற்கெல்லாம் என் கை ஆகும். தம்ளரை நீட்டினால் மட்டும் ஆகாது. இதை நினைத்து வார்டுக் கக்கூசில் நின்று நான் அழுதிருக்கிறேன்.

பக்கத்துக் கட்டிலில் அக்குறணையைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் அம்மா இருந்தார். பித்தப்பையில் கல். மாமி கண் அயர்ந்திருந்தபோது, பெலிமல் ஊற்றிய என் பிளாஸ்க் திறக்காமலே இருப்பதைக் கவனித்துவிட்டுக் கேட்டார்.

"ஏன் மகள், மாமிக்கு ஒன்டும் குடுக்கல்லையா? தாகத்துல நாக்கு காஞ்சி ஈக்கிது."

"என் கையால குடிக்க மாட்டாங்க, உம்மா."

அவர் "யா அல்லாஹ்" என்றார். எழுந்து வந்து என் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டுபோய், தன் கோப்பையில் ஊற்றி, மாமியை எழுப்பி வாயருகே பிடித்தார். மாமி கண்ணை மூடிக்கொண்டு மடமடவென்று குடித்தார். இன்னொரு கோப்பையும் கேட்டு வாங்கிக் குடித்தார். "மகராசி! என்னா ருசி! ஒங்க வீட்டுல எப்புடிக் கொதிக்க வைக்கிறீங்க?"

அன்றிலிருந்து என் பிளாஸ்க்கின் இடம் அந்த அம்மாவின் கட்டிலோர அலுமாரிக்குள். காலையும் மாலையும் மாமிக்குத் தெரியாமல் நான் கொண்டுபோய் வைப்பேன், அவர் ஊற்றிக் கொடுப்பார். மாமியின் சீனி இறங்கியது. புண் ஆறியது. மற்றக் காலுக்குப் பயமில்லை, இப்படியே குடித்தால் போதும் என்றார் டொக்டர். நானும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மாமி குடிப்பதை நிறுத்திவிடுவார், மிச்சமிருக்கும் காலும் போகும். 

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாளில் தெல்தோட்டைக் கூட்டம் வேன் பிடித்துக்கொண்டு வந்தது. நாத்தனார் கட்டிலைச் சுற்றி ஒப்பாரி வைத்தார். மாமி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வார்டுக்கே கேட்கும்படி சொன்னார்.

"கால் போனாப் போகுதுடி. இத்தன நாளா இந்தத் தங்கமான பொம்பளதான் எனக்கு வாய் நனைச்சா. என் மருமக வீட்டுத் தண்ணி ஒரு சொட்டு என் நாக்குல படல."

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. அலுமாரியைத் திறந்து பிளாஸ்க்கை எடுத்து, மாமியின் மடியில் வைத்தேன்.

"நீங்க குடிச்சது பூராவும் இதுதான் மாமி. நான் கொதிக்க வச்சது. என் பைப்புத் தண்ணி, என் கேத்தல்."

"வுடுங்க மகள்" என்று அந்த அம்மா என் கையைப் பிடித்தார். நான் விடவில்லை. மாமி அவரைப் பார்த்தார். அவர் இல்லை என்று சொல்லவில்லை.

மாமி இரண்டு விரலைத் தொண்டைக்குள் விட்டார். ஓங்கரித்தார். எச்சில் மட்டும் வந்தது. மறுபடியும் விட்டார். நாத்தனார் முதுகைத் தடவிக்கொண்டு, "கக்கும்மா, கக்கிரும்மா" என்றார்.

நான் குனிந்து, மாமியின் வாயைத் துடைத்துவிட்டுச் சொன்னேன்.

"வராது மாமி. எல்லாம் ரத்தத்துல கலந்தாச்சு. அதையும் வெளிய எடுக்கணும்னா மத்தக் காலத்தான் வெட்டணும்."