தவமணி அக்காவுக்கு நின்று வாசித்த கடிதம்

அக்காவை அறிந்த பெருமக்களே, யாரும் நம்பப்போகாத ஒரு கதையைச் சத்தியம் செய்து சொல்லப்போகிறேன். கெல்சென்கிர்ச்சனில் தவமணி அக்கா காலமான செய்தி தொலைபேசியில் வந்தபோது, ஜெர்மனியின் ரயில்களெல்லாம் ஒரு நிமிடம் நின்றன. நான் ஆங்கிலத்தில் ஓர் இரங்கல் கடிதம் எழுதி, அதைத் திருத்தித்தரச் சொல்லி அக்காவையே கூப்பிடப் போனேன்.

ஜெர்மன்காரருக்கே மாலை வகுப்பில் ஆங்கிலம் படிப்பித்தவர் அவர். அவருடைய சிவப்பு மையைக் கால்வாயில் விட்டிருந்தால், அதில் ஊன்ட்றொப் அம்மன் கோவில் தீர்த்தத் திருவிழாவுக்கு முழுகவந்தவர்களெல்லாம் செவ்வாழையாக வீடு திரும்பியிருப்பார்கள். அவரிடம் கடிதம் கொண்டுபோகிறவர் எழுந்து நின்று வாசிக்கவேண்டும். அதைப் பெறப்போகிறவராக மாறி, அக்கா எதிர் நாற்காலியில் அமர்ந்திருப்பார்.

மார்க் நாணயம் போய் யூரோ வந்த புதிதில், என் மகள் லண்டன் பையன் ஒருவனை விரும்பினாள். மலேசியாவில் வளர்ந்த அவன் தாய்க்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, கலியாணத்துக்குப் பிடிகொடுக்கவும் இல்லை. நான் அவருக்கு எழுதும் ஆங்கிலக் கடிதத்தில்தான் எல்லாம் தங்கியிருந்தது. வினைச்சொல்லுக்குப் பின்னால் சின்னச் சொல் வால்போல ஒட்டிவரும் ஆங்கிலத் தொடர்கள் அத்தனையையும், ஒரு புத்தகத்திலிருந்து அள்ளி அதில் கொட்டினேன்.

“நில்லும் தம்பி,” என்றார் அக்கா. அப்போது எனக்கு ஐம்பது வயது. “‘ஹான்ட் ஓவர்’ எண்டால் ஒப்படைக்கிறது. மகள் என்ன, பார்சலோ?”

“அப்ப, ‘புட் அப் வித்’ பரவாயில்லையோ அக்கா?”

“அது, சகிச்சுக்கொள்ளுங்கோ எண்டு. நீர் பெண் குடுக்கிறீரோ, முறைப்பாடு குடுக்கிறீரோ?”

“வாலில்லாட்டி இங்கிலீஷ் மாதிரித் தெரியாதெண்டு நினைச்சன்.”

“பேச்சுக்குச் செருப்போட வரலாம். கடிதத்துக்குச் சப்பாத்துப் போட்டு வரவேணும்.”

வால்கள் அறுந்து விழுந்த சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் ஊரைவிட்டே ஓடியது. கடைசி வரிக்கு வந்தேன். என் மகளை ‘லுக் ஆஃப்டர்’ செய்யுங்கள், பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தேன்.

“இதையும் வெட்டுறதோ, அக்கா?”

“வேண்டாம். இதுக்குச் சப்பாத்துப் போட்டால் நடக்க ஏலாது. வெறுங்காலோட போகட்டும்.”

கடிதம் கிடைத்த அன்றே அந்தத் தாய் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்து வந்தார். கலியாணத்துக்கு ஆட்டோபான் நெடுஞ்சாலையில் யானைகள் அணிவகுத்தன.

இன்றும் எதை எழுதினாலும், எதிரே ஒரு வெறும் நாற்காலி போட்டு எழுந்து நின்று வாசிக்கிறேன். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அதுதான்.

ரயிலும் பொய், நாயும் பொய், யானையும் பொய். ஒரு சின்ன இடம் மட்டும் மெய். அந்தக் கடைசி வரியைக் கேட்ட அக்கா, பேனாவை மூடிவைத்து, அந்தத் தாயாகவே எழுந்து என் கையைப் பிடித்தார்.

“ஓம். நான் பார்த்துக்கொள்ளுவன்.”